மனை வணிகருக்கு மட்டும் உரிமம் வேண்டாமோ?

ஆட்டோ ஓட்ட உரிமம் வேண்டும். பேருந்தில் சீட்டுக் கிழிக்கவும் உரிமம் வேண்டும். மளிகைக் கடைக்காரரின் எடைக்கல்லில் முத்திரை இல்லையேல் அபராதம். ஆனால் நஞ்சையை வாங்கி, கல் நட்டு, கொடி கட்டி, மனை மனையென்று கூவி விற்கும் சீமானிடம், "ஐயா, உமது உரிமம் எங்கே?" என்று கேட்டால் மட்டும் முகம் சிவக்கிறது!

கடையநல்லூரை எண்ணிப் பார்க்கிறோம். தறியோசை கேட்டு வளர்ந்த ஊர். தறி சோறு போடாத நாளில் அவ்வூர் இளைஞர் கடல் கடந்தனர். வளைகுடா வெயிலில் வெந்து ஊருக்குப் பணம் அனுப்பினர். அப்பணம் தேடுவது மாளிகையா? இல்லை, மூன்று சென்ட் மனை! விற்பவரோ தம் பெயரில் கிரயம் பதியாதவர். உழவரிடம் முன்பணம் நீட்டி, பவர் பத்திரம் வாங்கி, துண்டுபோட்டு விற்பவர். வாங்கியவர் விடுமுறையில் வந்து, பாதை எங்கே, அங்கீகாரம் எங்கே என்று கேட்கும்போது விற்றவர் வேறு ஊரில் கொடி கட்டிக்கொண்டிருப்பார்.

சட்டம் இல்லையா? உண்டு. 2016-இல் நாடாளுமன்றம் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2017-இல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. மனைத் திட்டங்களில் தரகு செய்பவர் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 விழுக்காடு வரை தண்டம். பவர் பத்திரக்காரரும் தப்ப முடியாது என்கிறது ஏடு.

வலை நல்ல வலைதான். ஓட்டையும் நல்ல ஓட்டை! 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்குப் பதிவு வேண்டாமாம். அதாவது, 12 சென்ட் சொச்சம். ஓர் ஏக்கரை ஒன்பதாக்கி, மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று பிரித்துக் காட்ட எவ்வளவு நேரமாகும்?

"என் பணம், என் நிலம், நான் தரகன் அல்லன், முதலீட்டாளன்" என்பர். அமெரிக்காவிலும் தம் சொத்தை விற்பவருக்குத் தரகு உரிமம் கேட்பதில்லையே என்பர். 1970-இல் கலைஞர் ஆட்சி நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆக்கியபோதும் "என் நிலம்" என்ற கூக்குரலுக்குப் பஞ்சமில்லை. மகள் திருமணத்துக்காக ஒரு மனையை விற்கும் நெசவாளியிடம் நாம் உரிமம் கேட்கவில்லை. ஆண்டுதோறும் வாங்கி விற்பதே பிழைப்பாகக் கொண்டவர், எப்பெயர் சூட்டிக்கொண்டாலும், வணிகர். அவரிடம் கேட்கிறோம்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது தவித்தவர் யார்? விற்றுவிட்டுப் போனவரா? வாங்கியவர்! 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் கட்டணத்தோடு வரிசையில் நின்றவரும் அவரே. பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருந்தது. தேநீர்க் கடையில் அதை யார் சொன்னார்?

தேநீர்க் கடைத் தரகர்மீது நமக்குப் பகையில்லை. அவரும் கால் தேய நடந்து பிழைப்பவர். மகாராஷ்டிரத்தில் 2023 முதல் தரகருக்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இங்கும் வரட்டும், தமிழில் வரட்டும், ஏழைத் தரகருக்கு எட்டும் கட்டணத்தில் வரட்டும். மனை விற்பதையே தொழிலாக்கியவர், 12 சென்டாயினும் பதிவு எண் காட்டினால்தான் சார்பதிவாளர் பத்திரத்தைத் தொடவேண்டும் என்று விதி செய்க!

தோழர்களே, விதி வரும்வரை வாளாவிருக்க வேண்டாம். வெளிநாட்டிலுள்ள தம்பிக்கு மனை பார்க்கும் அண்ணன்மார் படிப்பகத்துக்கு வருவர். முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றும் அங்கீகார எண்ணும் கேட்கச் சொல்லுங்கள்.