புள்ளலூர்ப் போரைக் கண்டவர் யார்?

காஞ்சி மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் புள்ளலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1780ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள், கர்னல் பெய்லியின் கும்பினிப் படை ஐதர் அலியிடமும் அவர் மைந்தர் திப்புவிடமும் சிக்கி அங்கேதான் அழிந்தது. 'இரண்டாம் மைசூர்ப் போர்' என்ற தலைப்பில் இதைப் படித்தோம், இரண்டு மதிப்பெண்ணும் பெற்றோம், மறந்தும் விட்டோம். அந்தப் போரைக் கண்ணால் கண்டவர் யார், அவர் சொன்னது என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கண்டவர் எழுதிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. பெய்லியின் படையில் இருந்து சிறைப்பட்ட ஆங்கில அதிகாரி ஒருவரின் குறிப்புகளைக் கொண்ட நூல் 1788இல் இலண்டனில் வெளிவந்தது. மறு ஆண்டே இன்னிஸ் மன்றோ என்னும் அதிகாரி, கடிதங்கள் வடிவில் ஒரு நூல் எழுதினார். பெரம்பாக்கத்தில் செப்டம்பர் 6ஆம் நாள் நடந்த முதல் மோதல், வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்த கணம், சீரங்கப்பட்டணத்துச் சிறைக் கொடுமை ஆகிய யாவும் இத்தகைய நூல்களால்தான் நமக்குத் தெரிய வந்தன. ஆனால் அவற்றைப் படிப்பவருக்கு, அன்று உலகத்தில் இருந்த ஒரே கேள்வி 'காஞ்சியில் பெரும்படையோடு இருந்த சர் ஹெக்டர் மன்றோ ஏன் உரிய நேரத்தில் உதவிக்குப் போகவில்லை?' என்பதுதான் என்று தோன்றும். பழியை யார் தலையில் ஏற்றுவது என்பதே அவர்கள் கவலை. படைவீரனின் சாட்சியத்தில் பாதி, விசாரணை மன்றத்துக்கு அவன் எழுதி வைக்கும் வாக்குமூலம் என்பேன்.

வென்றவர் தரப்பும் வாளாவிருக்கவில்லை. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இப்போரை ஓவியமாகத் தீட்டச் செய்தார். பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லியையும், வெடித்துச் சிதறும் வண்டியையும் இன்றும் அங்கே காணலாம். புள்ளலூருக்கு இது புதிதுமன்று. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்று பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறும். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்தான் புலிகேசி என்று சாளுக்கியரின் அய்கொளெ கல்வெட்டு கூறும். அவரவர் கல், அவரவர் உளி!

இத்தனைக்கும் நடுவில் ஒருவன் வருகிறான். அன்று காலம் கடந்து காஞ்சியிலிருந்து புறப்பட்ட மன்றோவின் படைக்கு வழியில் எதிர்ப்பட்டவன் காயமுற்ற ஒரு சிப்பாய். களத்திலிருந்து தப்பி வந்த அவன், பெய்லியின் படை முற்றிலும் தோற்றது என்ற செய்தியைச் சொன்னான். படை திரும்பியது. பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடியது. புள்ளலூரிலிருந்து வந்த முதல் கண்கண்ட சாட்சி இவன்தான் அன்றோ? இவன் பெயர் என்ன? ஊர் எது? எந்தக் கடிதத்திலும் இல்லை. அன்று களத்திலிருந்த 86 அதிகாரிகளில் 36 பேர் மாண்டனர், 34 பேர் காயத்தோடும் 16 பேர் காயமின்றியும் பிடிபட்டனர் என்று ஒருவர் விடாமல் கணக்கு வைத்தனர். படையில் ஏறத்தாழ 3,700 பேர். பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்கு அப்படிக் கணக்கு வைக்க எவருக்கும் தோன்றவில்லை. 1781இல் அதே ஊரில் மீண்டும் நடந்த போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய இரண்டு நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. சிப்பாய்க்குத் தூணும் இல்லை, துரும்பும் இல்லை.

இரு புறத்திலும் சுட்டவரும் வெட்டுண்டவரும் பெரும்பாலும் தென்னாட்டு மக்களே. ஏடுகள் இதை அந்நியப் போர் என்று எழுதட்டும். உழவனுக்கு இது உள்நாட்டுப் போர்தான். ஐதரின் குதிரைப்படை 1780 சூலையில் காஞ்சியைச் சூறையாடியபோது தறிக்குழியை விட்டு எழுந்து ஓடியவன் என்ன கண்டான்? அடுத்து வந்த பஞ்சத்தை எப்படித் தாண்டினான்? நம்மவர்க்கு எழுதி வைக்கும் வழக்கமில்லை என்று சொல்லித் தப்பிவிட முடியாது. புதுச்சேரித் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, படை வந்ததும் ஊர் பதறியதும் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினார். காஞ்சிக்கு அப்படியொருவர் வாய்க்கவில்லை.

வாய்க்காத குறையை நினைத்து இன்று வருந்திப் பயனில்லை. ஆனால் நம் காலத்திலேயே ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது. இலங்கையில் 1983இல் மூண்டு 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த உள்நாட்டுப் போரைச் சொல்கிறேன். அந்நாட்டு அரசு 2010இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தளபதிகளும் பேசினர், தாய்மாரும் பேசினர். பொதுமக்களைக் காக்கவே திட்டமிட்டோம் என்றனர் தளபதிகள். சரணடைந்த என் மகன் எங்கே என்றனர் தாய்மார். ஒரே போர், இரண்டு கண்கள். முதல் கண்ணின் பார்வை எப்படியும் அச்சேறிவிடும். அதற்கு அலுவலகமும் ஆவணக் காப்பகமும் உண்டு. இரண்டாவதற்கு நம்மைப்போல் வேலையற்ற மாணவர்கள்தாம் வேண்டும்!

அந்தப் போரின் தொடக்க ஆண்டுகளில் கடல் கடந்து வந்தவர்கள் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் முதுமையோடு வாழ்கின்றனர். அவர்கள் நம் மொழியிலேயே பேசுகின்றனர், மொழிபெயர்ப்பாளன்கூடத் தேவையில்லை. நம் வரலாற்றுத் துறை உரிய அனுமதி பெற்று, விருப்பமுள்ளோரின் சொல்லை, அவர்கள் விரும்பினால் பெயரை மறைத்து, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். ஆண்டுதோறும் கோட்டைக்கும் குகைக்கும் போகும் கல்விச் சுற்றுலாவில் ஒருநாளைக் குறைத்தால் போதும். பேராசிரியர்கள் பட்டியல் எடுக்கும்போது முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.