சீனி வருத்தம் சோற்றால் மட்டுமா?

அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்றதும் எல்லோரும் அவருடைய சோற்றுக் கோப்பையைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது அரைக் கதையாகப் படுகிறது.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்ததால் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரிகூடக் கிடைக்கவில்லை. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தார்கள். மற்றவர்களைவிட அவர்களின் உடல் சீனியைக் கையாளத் திணறியது. நமக்குக் கிட்ட வருவோம். புனேயில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை.

உடனே அப்பம்மாவைக் குற்றம் சொல்லக் கிளம்பாதீர்கள். பட்டினியை யாரும் விரும்பி எடுப்பதில்லை. (சோற்றை அள்ளிப் போடச் சொல்லவும் இல்லை!) அப்பா வயிற்றில் இருந்தபோது அவர் எங்கே இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று ஒருமுறை கேளுங்கள்.