'ஹாட்' செய்யும் வேலை

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் நம்மவர் பலருக்கு 'ஹாட்' என்ற சொல்லின்மேல் அபாரப் பிரியம் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். "ஐ ஹாட் கான் டு மதுரை யெஸ்டர்டே" என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் இதைப் படித்தால், "சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது?" என்று காத்திருப்பார். "ஐ வென்ட்" என்றிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்குக் காரணம் சோம்பல் அன்று. நம் தாய்மொழியின் வழக்கமே. "நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்று தமிழில் சொல்வது முற்றும் சரி. போய்த் திரும்பியாயிற்று என்ற பொருளை அது தானே தந்துவிடுகிறது. வேறொரு நிகழ்ச்சியின் துணை வேண்டியதில்லை. ஆங்கில 'ஹாட்' அப்படியன்று. இறந்த காலத்தில் ஒரு நிகழ்ச்சியையோ நேரத்தையோ நிறுத்தி, அதற்கும் முன்னே நடந்ததைச் சுட்டுவதே அதன் தொழில். பின்னது இல்லாமல் முன்னது ஏது?

அப்படியானால் 'ஹாட்'டை அடியோடு தள்ளிவிடலாமா? கூடாது. ஒரு வீடு தீப்பற்றியது பற்றி ஒருவர் சாட்சி எழுதிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். "வென் தி ஃபயர் எஞ்சின் கேம், தி ரூஃப் ஃபெல்" என்றால், வண்டி வந்தது, கூரை விழுந்தது என்றாகும். "தி ரூஃப் ஹாட் ஃபாலன்" என்றாலோ, வண்டி வருமுன்பே கூரை விழுந்து கிடந்தது. முதல் வாக்கியம் தீயணைக்க வந்தவர்கள்மேல் சந்தேகத்தை எழுப்பலாம். இரண்டாவது அவர்களை விடுவித்துவிடும். இத்தனை சிறிய சொல்லில் பிறர் மானம் அடங்கியிருக்கிறது!

"பிஃபோர்", "ஆஃப்டர்" முதலிய சொற்கள் வருமிடத்தில் முன்பின் தெளிவாகவே விளங்குவதால், 'ஹாட்' இல்லாவிட்டாலும் பெரும்பாலும் குறையில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிச் செல்லும்போதும் அது அவசியமில்லை. வரிசையை விட்டுப் பின்னோக்கிப் போகும்போதுதான் அதன் உதவி வேண்டும்.

வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பெற்றோருக்கு, நாம் வகுப்பில் கையாளும் முறையைச் சொல்லிவைப்போம். "ஐ ஹாட் ஃபீவர்" என்பதுபோல் 'ஹாட்' தனித்து நின்றால் விட்டுவிடுங்கள். வேறொரு வினைக்குத் துணையாக வந்தால், "எதற்கு முன்?" என்று கேளுங்கள். குழந்தை பதில் சொன்னால் 'ஹாட்' இருக்கட்டும். விழித்தால், அதை அடித்துவிட்டுச் சாதாரண இறந்த காலத்தை எழுதச் சொல்லுங்கள்.