பதினாறு கோடிக்கு அப்புறம்?

பதினாறு கோடி ரூபாய் ஊசி ஞாபகம் இருக்கிறதா? 2021 வாக்கில் டி.வி.யைப் போட்டால் ஒரு குழந்தையின் முகம், கீழே வங்கிக் கணக்கு எண். ஸ்பைனல் மஸ்குலர் அட்ராஃபி, சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்ற பெயரே நம்மில் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. நீங்களும் ஐந்நூறோ ஆயிரமோ அனுப்பியிருப்பீர்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன்.

என் கேள்வி வேறு. அதே நோயோடு இருபத்தைந்து, முப்பத்தைந்து வயதில் இருப்பவர்களுக்காக அப்படி ஒரு கணக்கு எண் ஓடிப் பார்த்தீர்களா?

எஸ்.எம்.ஏ. என்றாலே குழந்தையிலேயே போய்விடும் என்பது பாதி உண்மை. எஸ்.எம்.என்.1 என்ற ஜீன் பழுதானால், தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சாகின்றன. பக்கத்தில் எஸ்.எம்.என்.2 என்று ஒரு ஸ்டெப்னி ஜீன் இருக்கிறது. அது எத்தனை பிரதி என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் நோயின் வேகம். சிலர் நடந்ததே இல்லை. சிலருக்கு முப்பது வயதுக்கு மேல் மாடிப்படி ஏறும்போதுதான் முதல் சந்தேகமே வருகிறது. மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. நம்மைப் போலவே வேலை, காதல், ஈ.எம்.ஐ. எல்லாம் உண்டு.

இவர்களை நம் ஆஸ்பத்திரிகள் நடத்தும் விதம் இருக்கிறதே! குழந்தைகள் பிரிவில் இருந்தவரை ஒரு டாக்டராவது ஆளை மொத்தமாகப் பார்ப்பார். வயது தாண்டியதும் துண்டு போட்டுப் பங்கு வைத்துவிடுவார்கள். வளைந்த முதுகுக்கு எலும்பு டாக்டர், திங்கள்கிழமை. மூச்சுக்கு செஸ்ட் டாக்டர், வியாழக்கிழமை. சாப்பாடு தொண்டையில் சிக்கினால் வேறொரு பில்டிங். ஒவ்வொரு தடவையும் வீல்சேர் ஏற்ற ஒரு கால் டாக்ஸி, லீவு போட்ட அண்ணன், மூன்று மணி நேர க்யூ. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை.

வெறும் அலைச்சல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது உயிர் சமாசாரம். இந்த நோயில் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்து, தூக்கத்தில் மூச்சின் ஆழம் குறைகிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்கிறது. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். 'டென்ஷன்' என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். சளி முற்றி எமர்ஜென்சிக்குப் போனால் ஆக்ஸிஜன் மட்டும் வைப்பார்கள். விரலில் மாட்டிய மீட்டர் 98 காட்டும், எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே தேவைப்பட்டது மாஸ்க் வழியாக மூச்சைத் தள்ளும் பைபாப், சளியை வெளியே கொண்டுவரும் இருமல் மெஷின். இதை அந்த நைட் டியூட்டி டாக்டருக்கு யார் சொல்வது? முதுகில் கம்பி வைத்து நிமிர்த்தும் சர்ஜனிடம் நரம்பு டாக்டர் முன்பே ஒரு வார்த்தை பேசியிருந்தால், பின்னால் நுஸினெர்சன் ஊசியைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்த ஒரு இடைவெளியாவது விட்டிருப்பார்.

'மருந்துக்கே வழியில்லை, டீம் எதற்கு?' என்ற சாக்கும் இனிச் செல்லாது. ரிஸ்டிப்ளாம் என்ற குடிக்கும் மருந்து பெரியவர்களுக்கும் உண்டு. பாட்டில் 6 லட்சம் ரூபாய் வாக்கில் விற்றது. 20 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 12 நாளில் ஒரு பாட்டில் காலி, வருடத்துக்கு முப்பது. 2025 அக்டோபரில் ரோஷ் கம்பெனியின் அப்பீலை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோவின் ஜெனரிக் 15,900 ரூபாய்க்கு வந்தது. கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 4.8 லட்சம். நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவும் மலைதான். அரசாங்கத்துக்குமா மலை?

ஆனால், செத்த நரம்பு செல்லை இந்த மருந்து எழுப்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றும். பவர் வீல்சேரின் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும் அந்த ஒரு விரலின் பலம் போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று அளந்து வைக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டாமா?

கேன்சருக்கு ட்யூமர் போர்டு என்று சர்ஜனும் கதிரியக்க டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லாத் துறையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிறது. 'அரிய நோய், எத்தனை பேர் வரப்போகிறார்கள்?' என்பார்கள். குறைவாக வருவார்கள் என்பதால்தானே மாதத்தில் ஒரு காலைப்பொழுது போதும் என்கிறேன்? மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி, மோட்டார் நியூரான் நோய் உள்ளவர்களும் அதே மேஜைக்கு வரட்டும். அவர்களுக்கும் வேண்டியது பெரும்பாலும் அதே டாக்டர்கள்தான்.

அந்த அறை மட்டும் தரைத்தளத்தில் இருக்கட்டும். இரண்டாவது மாடியில் வைத்துவிட்டு 'லிஃப்ட் ரிப்பேர்' என்று அட்டை மாட்டிவிடாதீர்கள்.