நம் ஊர் இலையுதிர் காலம்



கனடாவில் பணிபுரியும் என் தங்கை மகன் சென்ற ஐப்பசியில் ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தான். நடைபாதை ஒன்றின் இருமருங்கிலும் மேப்பிள் மரங்கள். இலைகள் அனைத்தும் செக்கச் சிவந்திருந்தன. அதன் நடுவே அவன் தன் மிதிவண்டியைச் சாய்த்து வைத்து நின்றிருந்தான். "மாமா, நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கே இருக்கு?" என்று கீழே ஒரு வரி.

அவனுக்கு மறுமொழி எழுத எனக்கு மூன்று திங்கள் பிடித்தது. ஐப்பசியில் எழுதியிருந்தால் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பேன். ஐப்பசி நமக்கு மழைக்காலம்; மரங்கள் மிகவும் பசுமையாக இருக்கும் காலம். தை பிறந்த பின்னர்தான் எங்கள் மத்ரஸா முற்றத்து நாட்டு வாதுமை மரம் சிவக்கத் தொடங்கியது. அதனோடு அதை வெட்டிவிட வேண்டும் என்ற பேச்சும் தொடங்கியது. உதிரும் இலைகள் ஹவுளில் விழுந்து தண்ணீரைக் கெடுக்கின்றன, ஒளுச் செய்ய வருவோர் முகம் சுளிக்கின்றனர் என்பது குற்றச்சாட்டு. உண்மையும் அதுதான்; மறுப்பதற்கில்லை. தைக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை என ஆண்டில் இருமுறை உதிர்க்கின்ற மரம் அது. உள்ளங்கையைவிடப் பெரிய இலை. பெருக்கிய இடத்திலேயே மீண்டும் விழும்.

கல்லூரியில் தமிழ் படித்த நாளில் ஆறு பெரும்பொழுதுகளை மனப்பாடம் செய்தோம்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் இலையின் பெயரால் அமைந்தது ஒன்றுமில்லை. ஆயினும் மாசியும் பங்குனியும் ஆகிய பின்பனிக் காலத்தில் ஆனைமலையின் அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தால், அதுவே நம்முடைய இலையுதிர் காலம் என்பது விளங்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் நெருங்கும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதன் சத்தை உள்ளிழுத்துக்கொள்கிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளிப்படும். சிவப்பு மட்டும் அந்த வேளையில் புதிதாக உண்டாவது. நம் பக்கத்தில் மரத்தை நெருக்குவது குளிரன்று, தண்ணீர்த் தட்டுப்பாடு. இலை இருந்தால் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எனவே தேக்கு தன் இலைகளை உதிர்த்துவிட்டுக் கோடையைக் கடக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் மரங்கள் பலவற்றில் சிவப்பது பழுத்த இலையன்று, பிறந்த இலை. பங்குனியில் அரசமரத்தைப் பாருங்கள், செப்புத் தகடு போல் தளிர்க்கும். வேம்பும் மாவும் அவ்வாறே. வாதுமை மட்டும் மேப்பிளைப் போல உதிரும் முன்னர் சிவக்கிறது. அதைத்தான் நாங்கள் வெட்டப் பார்த்தோம்!

பொள்ளாச்சி வட்டாரத்தில் வாழும் நமக்கு இது கண்ணில் படாமற்போனதற்குக் காரணம் தென்னை என்பேன். எத்திசை நோக்கினும் தென்னந்தோப்பு. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. மட்டை விழுந்தால் அது விறகு அல்லது கீற்று; பருவம் அன்று.

சரி, எங்கே போய்ப் பார்ப்பது? மாசி மாதத்தில் பஜ்ர் தொழுதுவிட்டு ஆனைமலையிலிருந்து வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை நோக்கி மிதிவண்டியில் செல்லுங்கள். தோப்புகள் முடிந்து மலை நெருங்கும்போது நிறம் மாறுவது தெரியும். சேத்துமடைச் சோதனைச்சாவடியோடு மிதிவண்டி நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் யானையும் சிறுத்தையும் உலவும் புலிகள் காப்பகம். டாப்சிலிப்புக்குப் பேருந்தில் செல்லலாம். மேலே வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிக் கீழே இறக்கியதால் வந்த பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த தேக்கு கப்பல் கட்டுவதற்காகப் பம்பாய் வரை சென்றது. காடு தேய்ந்த பின், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வனத்துறை அதிகாரி மீண்டும் தேக்கை வளர்த்தார். கைத்தடியால் நிலத்தைக் குத்தி விதையை ஊன்றிக்கொண்டே நடப்பார் என்று சொல்வர். 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை, அவர் விரும்பியவாறே, அந்தத் தேக்குகளின் நடுவில்தான் இருக்கிறது. அங்கே காலடியில் முறம் போன்ற இலைகள் அப்பளம் நொறுங்குவது போல் நொறுங்கும். மழை தொட்டுப் புதுத்தளிர் வந்த பின் சென்றால், ஒரு தளிரை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். மருதாணி இட்டது போல் சிவக்கும். காப்பகத்தில் தளிர் பறிப்பது தகாது. ஊர்ப்புறத் தேக்கில் செய்துகொள்ளுங்கள்.

மலையேற்றத்தில் ஆசையுள்ள இளைஞர்களுக்கு ஒன்று. தமிழக அரசு 2024-இல் நாற்பது மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அவற்றுள் டாப்சிலிப் பகுதிப் பாதையும் ஆழியாறு கால்வாய்க்கரைப் பாதையும் உள்ளன. ஆனால் இலை உதிரும் பருவமே தீப் பருவமும் ஆகும். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அப்பாதைகள் மூடப்பட்டன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் மாண்டதை நாம் மறந்துவிடலாகாது. அழகு முற்றும் நாளில்தான் கதவு மூடுகிறது என்று குறைப்படுவோர் உளர். எனக்கு அதில் குறையில்லை. அந்நாட்களில் அடிவாரத்துச் சாலையிலிருந்து பார்ப்பதே போதும். பீடித்துண்டை வீசாமல் வந்தால் அதைவிட நன்று.

காஷ்மீரில் சினார் மரம் சிவக்கும் பருவத்தை 'ஹருத்' என்பார்கள். ஹஸ்ரத்பால் பள்ளிக்கு அருகே நசீம் பாக் என்ற முகலாயர் காலத் தோட்டத்தில் அம்மரங்களைக் காண மக்கள் திரள்வர். உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கரியாக்கிக் கங்கிரி என்னும் கணப்புச் சட்டியில் இட்டுக் குளிர்காய்வர். அங்கும் இலை குப்பையாகத்தான் விழுகிறது!

எங்கள் மரத்தின் செய்திக்கு வருகிறேன். காலை மக்தபில் ஒரு சிறுவன் அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 59-ஆம் வசனத்தைப் பிழையின்றி ஓதினான். அதில் வரும் 'வரகா' என்றால் என்ன என்று கேட்டேன். விழித்தான். முற்றத்திலிருந்து ஒரு சிவந்த இலையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். "ஹஜ்ரத், இதையா வெட்டப் போறாங்க?" என்றான். நான் விடை சொல்லவில்லை. ஆனால் அன்று அஸருக்குப் பின் நிர்வாகத்தினரிடம் பேசினேன். மரத்தைத் தொடாமல் ஹவுளின் மேல் வலை கட்டலாம், ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன் என்றேன். இருவர் ஒப்பினர், ஒருவர் இன்னும் முணுமுணுக்கிறார்.

சென்ற வாரம் வலை கட்டியாயிற்று. பெருக்கும் முறை வந்த பையன்கள், வலையில் கிடப்பவற்றுள் நல்ல சிவப்பு யாருக்கு என்று சண்டையிடுகிறார்கள். தங்கை மகனுக்கு அவற்றில் ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.