கைக்குழந்தையோடு போகிறவர்கள் கோடையில் போகட்டும்

சென்னையை அடுத்த நசரத்பேட்டையின் மார்கழிப் பனிக்குக் குழந்தைக்கு ஒரு குல்லா போதும். டொரொன்டோவில் ஜனவரியில் பெரும்பாலும் பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே; டிசம்பரில் மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும். வேலை கிடைத்த கையோடு ஜனவரியிலேயே குடும்பமாகக் கிளம்புவது தவறு என்பேன். குளிருக்குத் துணி இருக்கிறது. வெளியே தலைகாட்ட முடியாமல் அடைபட்டுக் கிடக்கும் தாய்க்கு என்ன இருக்கிறது? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அங்கே தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள். காரில் குழந்தை இருக்கையின் பட்டைக்கு அடியில் தடித்த கோட்டு போடக்கூடாது, பட்டை இறுகப் பிடிக்காது. இதையெல்லாம் பழகிக்கொள்ள மே மாத வெளிச்சம் வேண்டும். 1983 கலவரத்துக்குப் பின் போன ஈழத்தமிழர்கள் டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் வேரூன்றவில்லையா என்று கேட்கலாம். உயிர் தப்பிப் போனவர்களுக்கு மாதம் பார்க்க வழியில்லை, நமக்கு இருக்கிறது. பிரிந்திருப்பது கஷ்டம்தான், செலவும் இரட்டிப்பாகும். ஆனாலும் ஒருவர் முன்னே போய் வீடு பார்க்கட்டும். குழந்தை நான்கு மாதம் பாட்டி மடியில் இருந்துவிட்டுப் போகட்டும்.