தராசுக்கு மட்டும் கண் இருந்தால் போதுமா?

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் விழித்துக் கொள்கிறது.

தூக்குவாளியில் சோறு. தலையில் துண்டு. ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து பெண்கள் மலை ஏறுகிறார்கள். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பரந்து கிடக்கின்றன.

அங்கே அவர்கள் எடுக்கும் காய்தான் போடி ஏல மையத்தில் விலை போகிறது. "ஏலக்காய் நகரம்" என்று போடிக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் கைகள்தான்.

இவர்களில் யார் கெட்டிக்காரர்? யாரைத் தொடர்ந்து வேலைக்கு வைத்துக் கொள்வது? யாருக்குக் கூடுதல் காசு? யாரைக் கங்காணி ஆக்குவது?

கம்பெனிகளில் இதற்கு ஆண்டுக்கு ஒரு முறை பெரிய ஆய்வு நடக்கும். தோட்டத்தில் அவ்வளவு ஆடம்பரம் இல்லை. வருகைப் பதிவேடு ஒன்று. சாயங்காலம் காய் நிறுக்கும் தராசு ஒன்று. இரண்டும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிடும்.

நல்ல காலத்தில் இது ஓரளவு சரி. கெட்ட காலத்தில்?

பாதை அடைத்தால் யார் குற்றம்?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு மூண்டது. எல்லைச் சாலைகள் அடைபட்டன. தமிழ்த் தொழிலாளர்கள் பலர் காட்டு வழியாக இறங்கி வந்தார்கள்.

2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்தைப் பெருமழையும் மண்சரிவும் உலுக்கின. 2020 மார்ச் 25-ந் தேதி முதல் ஊரடங்கு. எல்லை மூடிக்கொண்டது. தோட்டத்தில் ஆள் இல்லை. ஊரில் வேலை இல்லை. 2024 கோடையில் வறட்சி. ஏலச் செடிகள் நின்ற இடத்திலேயே கருகின.

இப்படிப்பட்ட ஆண்டில் பதிவேட்டைப் புரட்டினால் என்ன தெரியும்? "வரவில்லை" என்று தெரியும். ஏன் வரவில்லை என்று தெரியாது.

பாதை திறந்துவிடும். ஆனால் "நாள் குறைவு" என்று காரணம் காட்டி, ஒரு பெண்ணுக்கு ஜீப்பில் இடம் இல்லாமல் போகலாம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது இதுதான்!

காய் எடுப்பது ஒரு கலை

ஏலக்காய் மரத்தில் தொங்குவது அல்ல. செடியின் அடியில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கிறது. குனிந்துதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். முற்றியதை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். சரம் ஒடியக் கூடாது.

பிஞ்சைப் பறித்தால் ஸ்டோரில் உலர்த்தும்போது சுருங்கிவிடும். பழுக்க விட்டால் உலரும்போது வெடித்துவிடும். நல்ல காயிலேயே 1 கிலோ உலர்ந்த ஏலக்காய்க்குச் சுமார் 5 கிலோ பச்சைக்காய் வேண்டும். பிஞ்சு கலந்தால் இன்னும் அதிகம் வேண்டும்.

வறட்சி ஆண்டில் இரண்டு பெண்கள் காய் எடுக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருத்தி அவசரக்காரி. பிஞ்சையும் சேர்த்து உருவுகிறாள். தராசு தாழ்கிறது. "கெட்டிக்காரி" என்று பெயர் வாங்குகிறாள். மற்றவள் பொறுமைசாலி. பிஞ்சை விட்டுவிடுகிறாள். அவள் பை லேசாக இருக்கிறது. "மந்தம்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் அடுத்த எடுப்புக்குத் தோட்டத்தில் காய் மிச்சம் வைத்தவள் யார்? இரண்டாவது பெண் அல்லவா? கெட்ட காலத்தில் பழைய அளவுகோலை நம்பினால் தொழிலாளிக்கு மட்டும் நஷ்டம் இல்லை; முதலாளிக்கும் நஷ்டம்.

எல்லோருக்கும் ஒரே மார்க்கா?

2020-ல் பேஸ்புக் கம்பெனி ஒரு காரியம் செய்தது. கொரோனாவால் எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்று, அந்த அரை ஆண்டுக்கு ஊழியர் அனைவருக்கும் ஒரே உயர்ந்த மதிப்பீட்டைக் கொடுத்தது. நல்ல மனசுதான். பயம் தீர்ந்திருக்கும்.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. கஷ்ட காலத்தில் முன்னே நின்று தோள் கொடுத்தவரும் மற்றவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆகையால் கணக்கையே கைவிட வேண்டாம். கணக்குப் பார்க்கும் முறையை மாற்றினால் போதும்.

பாதை அடைபட்ட நாளை "வராத நாள்" என்று எழுதக் கூடாது. தனியாகக் குறிக்க வேண்டும்.

போன வருட எடையோடு இந்த வருட எடையை ஒப்பிடக் கூடாது. ஒரே நாளில், ஒரே பாத்தியில் வேலை செய்தவர்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

எடையோடு தரத்தையும் பார்க்க வேண்டும். காயில் பிஞ்சு எத்தனை? சரம் ஒடிந்ததா? காய்ந்த செடிகளுக்கு நடுவே பிழைக்கும் செடியை அடையாளம் கண்டு காப்பாற்றியவர் யார்? வட மாநிலங்களிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு வேலை பழக்கிவிட்டவர் யார்? இவையும் திறமைதான். தராசுக்கு இவை தெரியாது.

ஆண்டு முடிவில் ஒரே தீர்ப்பு வேண்டாம். ஒவ்வொரு எடுப்பு முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும்.

"எங்களுக்கும் நஷ்டம்தானே?" என்று தோட்டக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறு தோட்டக்காரர்கள் பலர் கடனில் தவிக்கிறார்கள். கொடுக்கும் பணம் குறையலாம். ஆனால் எழுதும் கணக்கு பொய்யாகக் கூடாது. பணம் இல்லாத வருடத்திலும் நியாயம் இருக்க முடியும். அதற்குச் செலவு இல்லை.

தொழிலாளர்களும் ஒன்று செய்யலாம். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ, பாதை அடைத்தது எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

தராசு காயைத்தான் நிறுக்கும். மனிதனை நிறுக்க மனிதன்தான் வேண்டும்.